வளவு தனியாருடையது, நிலத்தடி நீர் ஊருடையது

ஓர் ஒழுங்கையில் பத்து வீடுகள் இருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். ஒரு வளவை வாங்கியவர் அங்கே வாகனம் கழுவித் திருத்தும் நிலையம் அமைக்க விரும்பிப் பிரதேச சபைக்கு விண்ணப்பிக்கிறார். அயலவர்களுக்கு இச்செய்தி எப்போது தெரியவருகிறது? பெரும்பாலும் சீமெந்துத் தளம் போட்ட பின்னர்தான். அதன்பின் எழுவது பெட்டிசமும் பகையுமே.

"என் காணியில் நான் எதுவும் செய்வேன்" என்ற வாதம் யாழ்ப்பாணக் குடாநாட்டில் பொருந்தாது. இங்கு ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு இல்லை. மழைநீர் சுண்ணாம்புக் கற்பாறையின் வெடிப்புகளினூடாக இறங்கித் தேங்குகிறது. அதையே நாம் எல்லோரும் கிணறுகளில் அள்ளுகிறோம். அந்தப் பாறைக்கு வேலியும் எல்லைக்கல்லும் தெரியாது. ஒரு வளவில் ஊற்றிய கழிவு எண்ணெய் அடுத்த வளவுக் கிணற்றையும் கெடுக்கக்கூடும்.

சுன்னாகம் நமக்கு நல்ல பாடம். மின் நிலையத்தை அண்டிய கிணறுகளில் எண்ணெய் கலந்தமை பற்றிய வழக்கில், 2019 ஏப்ரல் 4ஆம் திகதி உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மாசுபடுத்தியவரே அதன் செலவைச் சுமக்கவேண்டும் என்ற கொள்கையின்படி, மின் உற்பத்தி நிறுவனம் 2 கோடி ரூபா செலுத்தவேண்டும் எனப் பணித்தது. முக்கியமான தீர்ப்புத்தான். ஆனால் கிணறு கெட்டபின் வரும் நட்டஈட்டைவிட, அது கெடுமுன் கேட்கப்படும் ஒரு கேள்வி மேலானது.

சட்டம் இல்லாமலில்லை. 1978ஆம் ஆண்டின் 41ஆம் இலக்க நகர அபிவிருத்தி அதிகார சபைச் சட்டத்தின்படி, பிரகடனப்படுத்தப்பட்ட பகுதிகளில் அபிவிருத்தி வேலைகளுக்கு அனுமதி பெறவேண்டும். தேசிய சுற்றாடல் சட்டத்தின் கீழ் வரும் பெருந்திட்டங்களின் சுற்றாடல் தாக்க மதிப்பீட்டறிக்கை பற்றிக் கருத்துக் கூறப் பொதுமக்களுக்கு 30 நாட்கள் உண்டு. அதே நியாயம் எங்கள் ஒழுங்கைக்கும் கிடைக்கட்டும்.

நாம் தொழிலுக்கு எதிரானவர்கள் அல்லர். ஊருக்குள் ஓர் அரைக்கும் ஆலை வந்தால் பெண்களின் நடை குறையும். ஒரு கராஜ் வந்தால் இளைஞர் நால்வர் தொழில் பழகுவர். எங்கே, என்ன நிபந்தனையுடன் என்பதே கேள்வி. ஆகவே பிரதேச சபைகளிடம் மூன்று விடயங்களைக் கேட்போம். விண்ணப்பம் கிடைத்ததும் அவ்வளவின் படலையில் அறிவித்தல் ஒட்டி, அயல் வீடுகளுக்கும் கடிதம் கொடுக்கவேண்டும். கிணறுகளுக்கு உள்ள தூரம், கழிவெண்ணெய் போகும் இடம், வேலை நேரம் ஆகியவற்றை நேரில் பார்த்து எழுதவேண்டும். அனுமதித்தாலும் மறுத்தாலும் காரணத்தை எழுத்தில் தரவேண்டும்.

நமக்கும் கடமை உண்டு. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் சபையின் கோவையைப் பார்க்கக் கேட்கலாம். அதற்கு முன்னர், மாதர் சங்கமும் கிராம அபிவிருத்திச் சங்கமும் சேர்ந்து, ஊரின் கிணறுகள், மலசலகூடக் குழிகள், வெள்ளவாய்க்கால்கள் அனைத்தையும் ஒரு தாளில் வரைந்து வைக்கட்டும். இரண்டு மாலைப் பொழுதுகள் போதும். அடுத்த விண்ணப்பம் வரும்போது, கோபத்தோடு அல்ல, அந்தப் படத்தோடு சபைக்குப் போவோம்.