கணக்கப்பிள்ளை வேலைக்கா இவ்வளவு படிப்பு?



கொஞ்சம் நீளமான பதிவு. ஓ.எல்., ஏ.எல். எழுதிய பிள்ளைகள் வீட்டில் இருந்தால் கடைசி வரை வாசியுங்கள். கடை வைத்திருப்பவர்கள் கட்டாயம் வாசியுங்கள்.

போன கிழமை பழைய மாணவன் ஒருவன் கோல் எடுத்தான். "ஸேர், கடைசிப் பாடமும் பாஸ். உம்மா வாப்பாட்ட செல்லிட்டன். அடுத்தது ஒங்களுக்குத்தான் செல்றன்" என்றான். ஏ.ஏ.டி. பரீட்சையின் மூன்று நிலைகளையும் முடித்துவிட்டான். அல்ஹம்துலில்லாஹ் என்றேன். போனை வைத்த பிறகு எனக்கு வெட்கமாக இருந்தது. நாலு வருடத்துக்கு முன் அவனிடம் "இது ஒனக்குச் சரிவராது" என்று சொன்னவன் நான்தான்.

அவன் ஏ.எல். வர்த்தகப் பிரிவில் மூன்று பாடமும் சித்தி. ஆனால் பல்கலைக்கழகத்துக்கு இஸட் புள்ளி காணவில்லை. பல்கலைக்கழக இடங்களில் 40 வீதம் அகில இலங்கைத் திறமை அடிப்படையிலும், 55 வீதம் மாவட்ட அடிப்படையிலும், 5 வீதம் வசதி குறைந்த மாவட்டங்களுக்கும் போகிறது. கண்டி அந்த வசதி குறைந்த பட்டியலில் இல்லை. ஆகவே எமது பிள்ளைகள் கண்டி நகரத்துப் பெரிய பாடசாலைகளின் பிள்ளைகளோடுதான் போட்டி போட வேண்டும். மூன்று பாடம் சித்தியடைந்தும் வீட்டில் நிற்கும் பிள்ளைகள் ஒவ்வொரு வருடமும் எமது ஊரில் இருக்கிறார்கள்.

ஏ.ஏ.டி. விண்ணப்பத்தை எடுத்துக்கொண்டு அவன் என்னிடம் வந்தான். அவனுடைய ஓ.எல். கணிதப் பெறுபேறு 'சீ' என்பது என் ஞாபகத்தில் இருந்தது. அதை வைத்து, "மகன், பேசாம வாப்பாட கடையப் பாத்துக்கோ" என்றேன். கணக்கீடு என்பதைக் கணிதம் என்று நினைத்துச் சொன்ன வார்த்தை அது. ஆசிரியராக இருந்தும் வித்தியாசம் தெரியவில்லை. கணக்கீட்டுக்குக் கூட்டல், கழித்தல், வீதம் தெரிந்தால் ஆரம்பிக்கப் போதும். மற்றதெல்லாம் ஒழுங்கும் பொறுமையும். எந்தக் கொடுக்கல் வாங்கல் எந்தப் பக்கம் போக வேண்டும் என்று யோசிக்கும் பழக்கமும் வேண்டும்.

வாப்பாவின் பதில் இன்னும் சுருக்கம். "படிச்சது காணும். கணக்கப்பிள்ளை வேலைக்கா இவ்வளவு படிப்பு? கடைக்கு ஆள் இல்ல."

உம்மாதான் சீட்டுக் காசில் முதல் கட்டணத்தைக் கட்டினார். வாப்பா ஒரு நிபந்தனையோடு விட்டார். கிழமை நாட்களில் கடை, சனி ஞாயிறு வகுப்பு. காலையில் மாத்தளை பஸ்ஸில் தொங்கிக்கொண்டு, கட்டுகஸ்தோட்டைப் பாலத்து நெரிசலைத் தாண்டிக் கண்டிக்குப் போவான். இஷாவுக்குப் பிறகு கடையின் பின்பக்கம், பெட்டிகளுக்கு நடுவே படிப்பு.

ஏ.ஏ.டி. என்றால் என்ன?

பலருக்குப் பெயர் மட்டும்தான் தெரியும். இதை நடத்துவது இலங்கை கணக்கீட்டுத் தொழில்நுட்பவியலாளர் கழகம். பிரித்தானியாவில் 1980இல் இப்படியொரு அமைப்பு வந்தது. இங்கே 1987இல், 1959ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் உருவான பட்டயக் கணக்காளர் நிறுவனத்தின் ஆதரவோடு தொடங்கினார்கள். பட்டயக் கணக்காளர் ஒருவருக்குக் கீழே நின்று, புத்தகம் எழுதி, செலவு பிரித்து, வரி விபரம் தயாரித்து, கணக்காய்வுக்கு உதவி செய்யக்கூடிய நடுத்தர நிலைத் தொழில்வாண்மையாளரை உருவாக்குவதுதான் நோக்கம்.

ஓ.எல். முடித்தவரே ஆரம்பிக்கலாம். தமிழ் மொழியிலும் எழுதலாம். மூன்று நிலைகள். பரீட்சை வருடத்துக்கு இரண்டு தடவை நடக்கும். ஒரு பாடம் தவறினால் அடுத்த அமர்வில் எழுதலாம். முழுவதும் சித்தியடைந்து, நடைமுறை அனுபவமும் பெற்றால் அங்கத்துவத்துக்கு விண்ணப்பிக்கலாம். மேலே போக விரும்பினால் பட்டயக் கணக்காளர் பாதையின் ஆரம்பப் பாடங்களில் விலக்கும் உண்டு. கட்டணமும் பாடத்திட்டமும் மாறிக்கொண்டிருப்பதால் நான் இங்கே எழுதவில்லை. நேரே கழகத்திலேயே கேட்டுக்கொள்ளுங்கள். வகுப்பு நடத்துபவர்கள் சொல்வதை மட்டும் நம்பிப் பணம் கட்டாதீர்கள்.

மேசையும் கதிரையும் உள்ள வேலை கிடைக்கும் என்பதற்காக மட்டும் நான் இதைச் சொல்லவில்லை. எமது ஊருக்கு இந்தப் படிப்பு தேவை என்பதை அந்தப் பையன்தான் எனக்குக் காட்டினான்.

வாப்பாவின் கடை

இரண்டாம் நிலை படிக்கும்போது அவன் ஒரு கொப்பி எடுத்து, வாப்பாவின் கடைக் கணக்கை மூன்று மாதம் எழுதிப் பார்த்தான். கணக்கீட்டின் முதல் பாடங்களில் ஒன்று, வியாபாரம் வேறு, வியாபாரி வேறு என்பது. கடைக் காசும் வீட்டுக் காசும் ஒரே லாச்சியில் கிடந்தால் இலாபம் எது என்று யாருக்கும் தெரியாது.

உதாரணத்துக்கு ஒரு கணக்குச் சொல்கிறேன். ஒரு நாள் 1 இலட்சம் ரூபாய்க்கு வியாபாரம். அதில் 85 ஆயிரம் சரக்கின் கொள்விலை. மிச்சம் 15 ஆயிரம். வாடகை, லைட் பில், வேலைப் பொடியன்மாரின் சம்பளம் எல்லாம் சேர்த்து ஒரு நாளைக்கு 8 ஆயிரம். உண்மையான இலாபம் 7 ஆயிரம். ஆனால் லாச்சி நிறையக் காசு இருக்கிறதே என்று வீட்டுக்கு 10 ஆயிரம் எடுக்கிறோம். நாளுக்கு 3 ஆயிரம் முதலில் இருந்து போகிறது. மாதத்துக்கு 90 ஆயிரம். கடையில் சனம் நிறைந்துதான் இருக்கும், சரக்குத்தான் மெல்ல மெல்லக் குறையும். "பரக்கத் இல்ல" என்று நாம் சொல்லிக்கொள்வோம்.

அந்தக் கடையிலும் நடந்தது இதுதான். அவன் கொப்பியைக் காட்டியபோது வாப்பா கோபப்பட்டார். "எனக்குக் கணக்குக் காட்ட வந்தியா? நீ பொறக்க முந்தி நான் வியாபாரம் செஞ்சவன்" என்றார். ஒரு கிழமை மகனோடு சரியாகப் பேசவில்லை.

பிறகு 2022ஐ யோசித்துப் பார்த்திருக்கிறார். மார்ச் தொடக்கத்தில் சுமார் 200 ரூபாயாக இருந்த டொலர் மே மாதமளவில் 360 ரூபாயைத் தொட்டது. பழைய விலைக்கு எடுத்த சரக்கைக் கொஞ்சம் கூட்டி விற்றுவிட்டு, நல்ல இலாபம் என்று நினைத்தவர்கள் எமது ஊரிலும் இருந்தார்கள். அதே சரக்கைத் திரும்ப எடுக்கப் போனபோது கையில் இருந்த காசு பாதிக்கும் காணவில்லை. தன் கடையில் அந்த வருடம் என்ன நடந்தது என்பது, மகன் எழுதிய கொப்பியைப் பார்த்த பிறகுதான் அந்த மனிதருக்கு விளங்கியது.

அடுத்து வந்தது ஸகாத். அவர் ஸகாத் கொடுக்காதவர் அல்ல. ஒவ்வொரு ரமழானிலும் மனத்துக்குப் பட்ட ஒரு தொகையைக் கொடுப்பார். மகன் கையிருப்புச் சரக்கை அன்றைய சந்தை விலைக்கு எண்ணி, லாச்சியிலும் வங்கியிலும் உள்ள காசைச் சேர்த்து, திரும்ப வரும் என்று நம்பக்கூடிய கடன்களையும் எழுதிக் கூட்டினான். எதைக் கழிக்கலாம், எதைக் கழிக்கக்கூடாது என்று ஆலிம் ஒருவரிடம் கேட்டுக்கொண்டான். 2.5 வீதம் பார்த்தபோது, வழமையாகக் கொடுத்த தொகையை விட அதிகம். வாப்பா கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லையாம். "இத்தன வருஷம் நான் குறைச்சா குடுத்திருக்கன்?" என்று மட்டும் கேட்டாராம்.

குர்ஆனின் ஆக நீளமான வசனம் சூரத்துல் பகராவின் 282ஆவது வசனம். அது பேசுவது கடன் கொடுக்கல் வாங்கலை எழுதிவைப்பது பற்றி. எழுதுபவர் நீதியாக எழுத வேண்டும் என்பதும் அதில் இருக்கிறது. அதை மனப்பாடமாக ஓதத் தெரிந்த ஊரில் எத்தனை கடைகளில் கடன் கொப்பி ஒழுங்காக இருக்கிறது?

எமது ஊரின் கதை

அக்குறணை வியாபார ஊர். ஏ9 வீதியின் இரண்டு பக்கமும் கடைகள்தான். எமது ஊரார் கொழும்பிலும் வேறு ஊர்களிலும் கடை வைத்திருக்கிறார்கள். ஆனால் கணக்கு எழுத ஆள் தேடினால் வெளியே போக வேண்டியிருக்கிறது.

முன்பு இது பெரிய பிரச்சினையாக இருக்கவில்லை. இப்போது அப்படியில்லை. 2022 ஆரம்பத்தில் 8 வீதமாக இருந்த வற் வரி 2024 ஜனவரியில் 18 வீதமானது. அதே மாதம், வற்றுக்குப் பதிவு செய்ய வேண்டிய வருட விற்பனை எல்லை 8 கோடியிலிருந்து 6 கோடியாகக் குறைந்தது. 6 கோடி என்றால் பெரிய கம்பனிக் கணக்கு என்று நினைக்காதீர்கள். நாளொன்றுக்குச் சுமார் 1 இலட்சத்து 64 ஆயிரம் ரூபாய் விற்பனைதான் அது. எமது பஸாரில் அந்த அளவுக்கு வியாபாரம் நடக்கும் கடைகளை நீங்களே எண்ணிப் பாருங்கள்.

பிங்கா ஓயா பெருகி ஊருக்குள் தண்ணீர் வரும்போது நடப்பதையும் பார்த்திருக்கிறோம். தண்ணீர் வடிந்த பிறகு, "எவ்வளவு சரக்குப் போனது?" என்று கேட்டால் கையை விரிக்கிறோம். காப்புறுதி எடுத்திருந்தாலும் சரக்குக் கணக்கு இல்லாமல் எதைக் காட்டிக் கேட்பது?

இன்னொன்று, எல்லோருக்கும் தெரிந்தும் வாய் திறந்து பேசாதது. நானா தம்பிமார் சேர்ந்து நடத்தும் கடைகள். வாப்பா உயிரோடு இருக்கும் வரை ஒரு சட்டி சோறு. மௌத்தான பிறகு, யாருடைய முதல் எவ்வளவு, யார் சம்பளம் இல்லாமல் எத்தனை வருடம் நின்றார், சகோதரிமாரின் பங்கு என்ன என்று கேட்டால் எழுத்தில் ஒரு கடதாசியும் இல்லை. பேச்சு வார்த்தை நின்ற குடும்பங்கள் எத்தனை? அந்தக் குடும்பங்கள் எல்லாவற்றிலும் பேராசை இருந்தது என்று நான் நம்பவில்லை. பல இடங்களில் கணக்கு இல்லாததுதான் காரணம்.

நான் கேட்பது

பெற்றோர்களே, இந்தப் பையன் இரண்டாம் நிலையில் ஒரு பாடத்தை இரண்டு தடவை தவறவிட்டான். அந்த ஒரு வருடம் கல்யாண வீடுகளில் அவனிடம் கேட்கப்பட்ட ஒரே கேள்வி, "இன்னும் முடியல்லயா?" தொழில்வாண்மைப் பரீட்சைகளில் ஒரு பாடம் தவறுவது சாதாரணம். அந்த நேரத்தில் "போதும், கடைக்கு வா" என்று சொல்லிவிடாதீர்கள். அவன் வாப்பா சொல்லவில்லை. கோபக்காரராக இருந்தாலும், பரீட்சைக்கு முந்தைய இரண்டு கிழமை அவனுக்குக் கடையில் லீவு கொடுத்தார். அந்த லீவு இல்லாவிட்டால் பாஸ் பண்ணியிருக்க மாட்டேன் என்று அவனே சொல்கிறான்.

பெண் பிள்ளைகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஏ.எல். வர்த்தகத்தில் நல்ல பெறுபேறு எடுத்துவிட்டு, கல்யாணம் வரை என்று வீட்டில் இருக்கும் பிள்ளைகள் எமது ஊரில் நிறைய. இந்தப் படிப்பை வீட்டில் இருந்தும் பெரும்பகுதி படிக்கலாம். ஒரு குடும்பக் கடையின் கணக்கை வீட்டில் வைத்தே ஒரு மகள் எழுதலாம். கண்டிக்கு அனுப்பப் பயம் என்றால், நாலு பிள்ளைகளாகச் சேர்த்து அனுப்புங்கள்.

முதலாளிமாரே, இந்தப் பிள்ளைகளுக்கு நடைமுறை அனுபவம் பெற இடம் வேண்டும். உங்கள் கடையில் படிக்கும் பிள்ளை ஒருவருக்கு ஒரு மேசை கொடுங்கள். பில், கொப்பி, வங்கி விபரம் எல்லாவற்றையும் காட்டுங்கள். கடையின் இரகசியம் வெளியே போய்விடும் என்று பயப்படுகிறீர்கள் என்பது எனக்குத் தெரியும். ஆனால் இன்று வெளியூர் ஆள் ஒருவர் அதையெல்லாம் பார்த்துக்கொண்டுதானே இருக்கிறார்?

பள்ளிவாசல்களிலும் சங்கங்களிலும் பொறுப்பில் இருப்பவர்களே, வருடக் கணக்கைத் தயாரிக்க இப்படிப் படித்த பிள்ளைகளைக் கூப்பிடுங்கள். அவர்களுக்கு அனுபவம், ஜமாஅத்துக்குத் தெளிவு.

ஆசிரியர்களுக்கும் ஒரு வார்த்தை, முதலில் எனக்கு. ஒரு பெறுபேற்றுத் தாளைப் பார்த்து ஒரு பிள்ளைக்கு "சரிவராது" என்று சொல்லும் முன், அந்தப் படிப்பு என்ன என்றாவது நாம் தெரிந்துகொள்ள வேண்டும்.

அந்த மாணவன் இப்போது கண்டியில் ஒரு கணக்காய்வு அலுவலகத்தில் பயிற்சிக்குச் சேர்ந்திருக்கிறான். பின்னேரம் வந்து கடைக் கணக்கையும் பார்க்கிறான். வாப்பா இப்போது வீட்டுச் செலவுக்கு மாதம் ஒரு தொகை என்று எழுதித்தான் எடுக்கிறாராம். போன கிழமை பஸாரில் என்னைக் கண்டு ஸலாம் சொன்னார். "ஸேர், நாம ரெண்டு பேரும் பிழை விட்டுட்டம் என்ன?" என்றார். ஓம் என்றேன்.

இந்தப் படிப்பைப் பற்றி விபரம் வேண்டிய பிள்ளைகள் பாடசாலை விட்ட பிறகு என்னிடம் வரலாம். அந்தப் பையனும் வந்து பேசுவதாகச் சொல்லியிருக்கிறான். ஓ.எல். கணிதம் 'சீ' என்றாலும் வாருங்கள்.

எமது பிள்ளைகளின் அறிவிலும் எமது வியாபாரங்களிலும் அல்லாஹ் பரக்கத் செய்வானாக.