குறைவு அன்று, மிகை

நாட்பட்ட மூச்சடைப்பு நோய்க்கு உடலின் எதிர்ப்புச் சக்தி குன்றியதே மூல காரணமென்றும், அதைப் பெருக்கும் லேகியமோ சூரணமோ உட்கொண்டால் நுரையீரல் தானே தெளிந்துவிடுமென்றும் நண்பர் ஒருவர் சாதிக்கிறார். கேட்பதற்கு இன்பமாகத்தான் இருக்கிறது. உண்மையோ நேர் விரோதமானது.

பல்லாண்டு புகை படிந்த நுரையீரலில் எதிர்ப்பு அணுக்களுக்குப் பஞ்சமே இல்லை. பெருவிழுங்கி அணுக்கள் அழைக்க, நியூட்ரோஃபில் எனும் வெள்ளணுக்கள் திரண்டு வந்து, கிருமிகளைக் கரைப்பதற்கெனத் தாம் சுமக்கும் எலாஸ்டேஸ் என்ற நொதியைச் சிந்த, அது காற்றறைகள் விரிந்து சுருங்குவதற்கு ஆதாரமான எலாஸ்டின் நாரையே அரித்துவிடுகிறது. அந்நொதியை அடக்கும் ஆல்ஃபா-1 ஆன்டிட்ரிப்சின் என்ற புரதம் இரத்தத்தில் மிகக் குறைந்திருந்த ஐவரைப் பற்றி, சுவீடன் தேசத்து லாரெலும் எரிக்ஸனும் 1963-இல் எழுதினார்கள். அவர்களுள் மூவருக்கு நுரையீரல் கெட்டிருந்தது. அவர்களிடம் குறைந்திருந்தது தாக்கும் சக்தியா, தாக்குதலைத் தடுக்கும் சக்தியா என்பதை நண்பர் சற்றே சிந்திக்கட்டும். புகையோ அப்புரதத்தையும் செயலிழக்கச் செய்கிறது. போதாததற்கு, புகையை விட்ட பின்னும் பலரிடம் அழற்சி ஓய்வதில்லை.

இந்நோயாளிகளின் பெருவிழுங்கிகள் கிருமிகளை விழுங்குவதில் மந்தமாகிவிடுகின்றன என்பதை நான் மறுக்கவில்லை. தொற்றுக்கு அஞ்சி இன்ஃபுளுவென்சா, நியூமோகாக்கஸ் தடுப்பூசிகளை வைத்தியர்கள் வற்புறுத்துவதும் நியாயமே. ஆனால் குறித்த கிருமியை அடையாளம் காணப் பயிற்றுவிப்பது வேறு, சகல அணுக்களையும் கிளறிவிடுவது வேறு. ஈசினோஃபில் எனும் மற்றொரு வகை வெள்ளணுக்கள் மிகுந்தவர்களுக்கு ஸ்டீராய்டு மருந்தை உறிஞ்சுகருவி வழியே வைத்தியர் கொடுப்பது, நண்பர் பெருக்கச் சொல்லும் அதே சக்தியைத் தணிப்பதற்காகத்தான்.