எந்தக் காற்றுக்கு எந்த வடிகட்டி?

2019 செப்டம்பர் மாதம். கிள்ளானில் எங்கள் தாமானில் எதிர்வரிசை வீடுகளின் கூரைகூட மங்கலாகத்தான் தெரிந்தது. அம்மாவுக்கு ஆஸ்துமா. இரவெல்லாம் படுக்க முடியாமல், தலையணையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தே இருந்தார்.

மறுநாள் காலை மின்சாதனக் கடைக்கு ஓடினேன். கடைக்காரர் கையடக்கமான ஒரு பெட்டியைக் காட்டினார். "அயனி விடும். வடிகட்டியே மாத்த வேணாம். ஒரு தடவை வாங்கினா போதும்கா" என்றார். 280 வெள்ளி கொடுத்து வாங்கி வந்து அம்மாவின் அறையில் வைத்தேன். நீல விளக்கு அழகாக எரிந்தது. இருமல் மட்டும் குறையவில்லை. மூன்றாம் நாள் அம்மாவே கேட்டுவிட்டார்: "இதுல காத்து வருதா இல்லையான்னே தெரியலையேம்மா!"

அவர் கேட்டது சரியான கேள்வி. கடைக்குப் போகும் முன்பே நான் கேட்டிருக்க வேண்டியது. ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று வீசும் காலம். சுமத்ராவில் கரிமண் நிலம் எரிந்தால் புகை நம் பக்கம் வருவது இந்த மாதங்களில்தான். புகை வந்த பிறகு ஓடினால் கையில் கிடைத்ததைத்தான் வாங்குவோம். அதனால் இப்போதே பேசிவிடலாம்.

எண்ணைப் படிக்கத் தெரிய வேண்டும்

சுற்றுச்சூழல் துறை மணிக்கொரு முறை வெளியிடும் காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீட்டை, அதாவது ஐபியுவை, நாம் எல்லோரும் பார்க்கிறோம். 50 வரை நன்று. 100 வரை மிதம். 101 முதல் 200 வரை ஆரோக்கியமற்றது. 201 முதல் 300 வரை மிகவும் ஆரோக்கியமற்றது. 300-ஐத் தாண்டினால் அபாயம். 2013 ஜூனில் மூவாரில் அது 746-ஐத் தொட்டு, அவசரநிலை அறிவிக்கப்பட்டது பலருக்கு நினைவிருக்கும்.

இதில் இரண்டு விஷயங்களைக் கவனிக்க வேண்டும். முதலாவது, உங்கள் ஊர் பெயரை மட்டும் பார்க்காமல், வீட்டுக்கு எது பக்கமோ அந்த நிலையத்தைப் பாருங்கள். கிள்ளானுக்கு ஓர் எண் இருக்கிறது. அதே கிள்ளானில் ஜொஹான் செத்தியாவுக்குத் தனி எண் இருக்கிறது. அங்கே கரிமண் நிலத்தில் திறந்தவெளியில் எரித்தால், சுமத்ராவில் தீ இல்லாத நாளிலும் எண் ஏறும். புக்கிட் திங்கி பக்கம் இருப்பவர்களுக்கு அந்த எண்தான் முக்கியம்.

இரண்டாவது, புகைக்கான கணக்கு கடந்த 24 மணி நேரத்தின் சராசரி. காலையில் திடீரென்று புகை சூழ்ந்தால் எண் மெதுவாகத்தான் ஏறும். புகை விலகிய பிறகும் மெதுவாகத்தான் இறங்கும். ஆகவே எண் 90 என்று காட்டினாலும், தெருக்கோடி விளக்குக்கம்பம் தெரியவில்லை என்றால் கண்ணை நம்புங்கள், சன்னலைச் சாத்துங்கள்.

2018 முதல் இந்தக் குறியீட்டில் பி.எம். 2.5 என்ற நுண்துகளும் சேர்க்கப்பட்டிருக்கிறது. தலைமுடியின் பருமனில் இருபதில் ஒரு பங்குதான் அதன் அளவு. மூக்கில் நிற்காது, நுரையீரலின் அடி ஆழம்வரை போகும். நாம் வாங்கும் இயந்திரம் பிடிக்க வேண்டியது இதைத்தான்.

அட்டைப்பெட்டியில் எதைப் பார்ப்பது?

புகைமூட்டத்துக்கு வேண்டியது ஹெப்பா வடிகட்டி. பெட்டியில் எச்-13 என்று இருந்தால் நல்லது. மிக நுண்ணிய துகள்களிலும் 99.95 விழுக்காட்டைப் பிடிக்கும் தரம் அது. 'ஹெப்பா வகை', 'ஹெப்பா போன்றது' என்று எழுதியிருந்தால் தரம் என்ன என்று கேளுங்கள். பதில் வராவிட்டால் அடுத்த பெட்டிக்குப் போங்கள்.

வடிகட்டி நல்லதாக இருந்தால் மட்டும் போதாது. அறையின் காற்று முழுவதையும் திரும்பத் திரும்ப இழுத்துவிடும் வேகமும் வேண்டும். அதைச் சொல்வது சி.ஏ.டி.ஆர். என்ற எண், ஒரு மணி நேரத்தில் எத்தனை கன மீட்டர் சுத்தமான காற்று வரும் என்ற கணக்கு. இதற்கு ஓர் எளிய வழி சொல்கிறேன். அறையின் நீளம், அகலம், உயரம் மூன்றையும் அடியில் பெருக்கி, 7-ஆல் வகுத்துவிடுங்கள். வரும் எண்தான் உங்களுக்கு வேண்டிய சி.ஏ.டி.ஆர். அப்போது அறைக்காற்று மணிக்கு ஐந்து முறை வடிகட்டப்படும். பத்துக்குப் பன்னிரண்டு அறை, உயரம் ஒன்பதடி என்றால் 1,080 கன அடி. ஏழால் வகுத்தால் ஏறக்குறைய 155. இந்த எண் இயந்திரம் முழு வேகத்தில் ஓடும்போது கிடைப்பது. இரவில் சத்தம் தாங்காமல் வேகத்தைக் குறைப்போம் அல்லவா? அதனால் கொஞ்சம் பெரியதாகவே வாங்குங்கள்.

நான் வாங்கிய பெட்டியில் இந்த எண்ணே இல்லை. பிறகுதான் பார்த்தேன். அயனி விடும் சில இயந்திரங்கள் ஓசோனையும் வெளியிடும். ஆஸ்துமாக்காரரின் மூச்சுக்குழாயை அது எரிச்சலூட்டும் என்பது இன்னும் மோசம்.

பெரிய சாலையோரம் இருப்பவர்களுக்கு லோரிப் புகையின் வாடையும் சேர்ந்து வரும். ஹெப்பா துகளைப் பிடிக்கும், வாடையைப் பிடிக்காது. அவர்கள் கரி வடிகட்டியும் சேர்ந்த இயந்திரம் வாங்கலாம். கரி மெல்லிய துணிபோல் இருந்தால் சீக்கிரம் தீர்ந்துவிடும். கனமாக இருக்க வேண்டும்.

வாங்கும்போதே மாற்று வடிகட்டியின் விலையையும், எத்தனை மாதத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும் என்பதையும் கேளுங்கள். இயந்திரம் மலிவாக இருந்து வடிகட்டி விலை அதிகமாக இருந்தால், இரண்டாம் ஆண்டில் மாற்றாமல் விட்டுவிடுவோம். சாதாரண ஹெப்பாவைத் தண்ணீரில் கழுவவும் கூடாது, இழைகள் கெட்டுவிடும்.

ஓர் அறை போதும்

வீடு முழுக்கச் சுத்தம் செய்யப் பணம் வேண்டும். ஓர் அறையைச் சுத்தமாக வைக்க ஓர் இயந்திரம் போதும். முதியவரும் சிறுபிள்ளைகளும் படுக்கும் அறையைத் தேர்ந்தெடுங்கள். கதவின் அடியில் துணியை மடித்து வையுங்கள். நம் வீட்டு ஏர்கோன் அறைக்குள் இருக்கும் காற்றையேதான் சுற்றவிடும்; அதன் வலை தூசியைப் பிடிக்கும், நுண்துகளைப் பிடிக்காது. ஏர்கோன் இருக்கிறதே என்று நிம்மதியாக இருந்துவிடாதீர்கள்.

அதே சமயம், நாம் மூச்சுவிடும் கரியமிலவாயுவை எந்த வடிகட்டியும் எடுக்காது. வெளிக்காற்று தெளிந்த நேரம் பார்த்துச் சன்னலைத் திறந்துவிடுங்கள்.

அம்மாவின் அறையில் நடந்தது

அந்தப் பெட்டியை ஓரம் கட்டிவிட்டு, துகள் அளவைக் காட்டும் ஹெப்பா இயந்திரம் ஒன்றை வாங்கினோம். முதல் வாரமே அம்மா படுத்துத் தூங்கினார். பிறகு மழை பெய்து, புகைமூட்டமும் விலகியது. ஆனால் இரவு ஒன்பது மணியானால் இயந்திரத்தின் எண் மளமளவென்று ஏறியது; விளக்கும் சிவப்பானது. வெளியே வானம் தெளிவாக இருக்கிறதே, இயந்திரம் கெட்டுவிட்டதா என்று பார்த்தால், கட்டிலுக்கு அடியில் கொசுவத்திச் சுருள்.

பல ஆண்டுகளாக இரவுதோறும் அம்மாவே ஏற்றி வைப்பதுதான். எங்கள் யாருக்கும் அது புகையாகவே தோன்றவில்லை. பிறகு படித்தேன்: சீனாவிலும் மலேசியாவிலும் விற்ற சுருள்களை ஆராய்ந்து 2003-இல் வெளியான ஓர் ஆய்வு, ஒரு சுருள் எரிந்து முடியும்போது 75 முதல் 137 சிகரெட்டுகள் அளவுக்கு நுண்துகள் வெளிவருவதாகச் சொல்கிறது. சாம்பிராணியும் ஊதுபத்தியும் புகைதான். வெள்ளிக்கிழமை சாம்பிராணியை நிறுத்தச் சொல்ல எனக்கு மனம் வராது. சன்னலைத் திறந்துவைத்துப் போடுங்கள், ஆஸ்துமா உள்ளவரை அந்த நேரம் வேறு அறையில் உட்காரவையுங்கள் என்று மட்டும் சொல்வேன்.

கொசுவுக்கு வலை கட்டினோம். 60 வெள்ளிகூட ஆகவில்லை. இரவு இருமல் பாதிக்குமேல் குறைந்தது. மருத்துவர் கொடுத்த இன்ஹேலர் இன்றும் தொடர்கிறது. எந்த இயந்திரமும் அதற்கு மாற்று இல்லை.

ஆகவே, கடைக்குப் போகும் முன் இந்த வாரம் ஒரு மாலை உங்கள் வீட்டைச் சுற்றி வாருங்கள். வெளியிலிருந்து எந்தப் பக்கமாகப் புகை நுழைகிறது, உள்ளே எதை எதை நாமே எரிக்கிறோம் என்று பாருங்கள். உள்ளே இருப்பதை முதலில் நிறுத்துங்கள். மிச்சத்துக்கு மட்டும் இயந்திரம் வாங்குங்கள்.

அந்த நீல விளக்குப் பெட்டி இன்னும் என் அலமாரியில்தான் கிடக்கிறது. அம்மாவின் கண்ணில் பட்டால் ஒன்றும் சொல்லமாட்டார். சிரிப்பார்.