பழைய தளத்திற்கு மீளுதலும் வட்டைத் துடைத்தலும்

புதியன விரும்புதல் இளைஞர் இயல்பென்பர். நம் விடுதியில் இவ்வாண்டு யான் கண்டதோ அதற்கு மாறாயிருந்தது. 2025 ஆம் ஆண்டு அக்டோபர் 14 ஆம் நாளோடு விண்டோஸ் 10 என்னும் இயங்குதளத்திற்கு அளிக்கப்பட்டுவந்த வழக்கமான ஆதரவு முடிவுற்றது. விண்டோஸ் 11 ஓவெனில், டிபிஎம் 2.0 என்னும் காப்பு வசதியில்லாத பழங்கணினிகளை ஏற்பதில்லை. ஆகவே, 2009 இல் வெளிவந்த விண்டோஸ் 7 இற்கே மீள்வோமென நண்பர் சிலர் துணிந்தனர். அவ்விருப்பத்தை யான் பழியேன். நான்கு கோப்புகளைத் திறக்குமுன் திணறும் கணினியில் கட்டுரை எழுதினார் அதன் நியாயத்தை அறிவர். யான் மறுப்பது அதனைச் செய்த முறையையே.

பழைய தளத்தின்மீது புதியதை நிறுவுங்கால் நம் கோப்புகள் இருந்தவாறே இருத்தல் கூடும். உடனே மனம் மாறினார்க்கு 10 நாள் தவணையும் உண்டு. அது கடந்தபின் பழையதை நிறுவ விரும்புவோர் வட்டில் அதற்குரிய பகுதியை வெறுமையாக்குதல் வேண்டும். என் நண்பரொருவர் இஃதறிந்தே தொடங்கினார். நாட்டார் வழக்காற்றியல் தாளுக்கெனத் தம் பாட்டியார் சொல்லப் பதிவுசெய்த கதைகளைக் கைப்பேசியில் இடமின்மையால் கணினிக்கு மாற்றி, 'டி' என்னும் பகுதியில் சேமமாக வைத்திருந்தார். ஆயின் நிறுவுந்திரையில் 'சி', 'டி' என்னும் எழுத்துகள் தோன்றா. பகுதி 1, பகுதி 2 என எண்களே தோன்றும். நள்ளிரவில் எது எதுவெனத் தெளியாமல் அனைத்தையும் நீக்கிவிட்டார். பாட்டியார் அதற்கு இரு திங்கள் முன்னரே கர்த்தருக்குள் நித்திரையடைந்திருந்தார்.

அந்நிலையிலேனும் நிறுத்தியிருப்பின் மீட்சிக்கு வழியிருந்தது. பகுதியை நீக்குங்கால் முதலில் அழிவது அட்டவணையே. நூற்பட்டி எரிந்தும் நூல்கள் பேழையில் எஞ்சினாற்போலக் கோப்புகள் சுழல்வட்டில் கிடக்கும். அவற்றின்மீது புதிதாக எழுதியபின்னரே அவை ஒழியும். நண்பரோ விடியுமட்டும் விண்டோஸ் 7 இன் விரைவைக் கண்டு மகிழ்ந்திருந்தார்!

ஐந்தாம் நூற்றாண்டின் கிரேக்க வேதாகமப் படியொன்றைப் பன்னிரண்டாம் நூற்றாண்டில் எவரோ சுரண்டி, அத்தோலின்மேல் எப்பிராயீம் என்னும் சிரிய தேசத்துப் பரிசுத்தவானின் போதனைகளை எழுதினர். எழுதினவர் பக்தரே, ஐயமில்லை. 1840 களில் திஷெண்டார்ப் என்னும் ஜெர்மானிய அறிஞர் பாரிஸ் நகரில் அடியிலிருந்த எழுத்தை அரிதின் முயன்று படித்தார். தோலில் மையின் தடம் எஞ்சிற்று. மேலெழுதப்பட்ட வட்டில் அத்தகைய அறிஞர் படித்தற்கு ஒன்றும் எஞ்சாது.

பழைய தளம் வேண்டுவோர் வேறொரு வட்டை வாங்கி அதில் நிறுவுக. முந்தைய வட்டைக் கழற்றி அலமாரியில் வைக்க. பழங்கணினியின் தாமதத்திற்குச் சுழல்வட்டே பெருங்காரணமாதலின், எஸ்எஸ்டி வட்டொன்றை இட்டாலே பலர்க்குத் தளம் மாற்றுந் தேவையும் நீங்கும். விண்டோஸ் 7 இற்குரிய பொதுவான பாதுகாப்புத் திருத்தங்கள் 2020 ஜனவரி 14 ஆம் நாளோடு நின்றமையால், அதனை இணையத்தோடு இணைத்தல் தகாது என்பதும் நினைவிலிருத்தற்குரியது.

தமிழ்த்துறைப் பொதுக்கணினியையும் இவ்விடுமுறையில் துடைத்துப் பழைய தளம் நிறுவலாமென்று மாணவர் சிலர் பேசுகின்றனர். அதில் முந்தைய வகுப்பினரின் கள ஆய்வுப் பதிவுகள் உள்ளன. அவற்றிற்குரியோர் பலர் கல்லூரியைவிட்டு நீங்கினர். வேறு வட்டு வருமட்டும் அதன்மேல் எவரும் கைவையாதிருக்குமாறு மாணவரையும் ஆசிரியரையும் வேண்டுகின்றேன்.