கவலையும் கணக்கும்

தோட்டத்தில் மன உளைச்சல் என்று சொல்லிக்கொண்டு எவரும் கிளினிக்குக்குப் போவதில்லை. தலைவலி என்கிறார்கள், நெஞ்சு படபடக்கிறது என்கிறார்கள், வயிறு எரிகிறது, தூக்கம் வரவில்லை, காரணமில்லாமல் பிள்ளையை அடித்துவிட்டேன் என்கிறார்கள். பெயர் பல, பொருள் ஒன்றே. விடியுமுன் பெரட்டுக்கு நின்று, வெயில் ஏறுமுன் நிரையை முடித்து, பாலை நிறுத்துக் கொடுத்துவிட்டு வீடு திரும்பும் தொழிலாளியின் உடல் ஓய்ந்தாலும் உள்ளம் ஓய்வதில்லை. பால்மரங்கள் குறைந்து நாற்புறமும் செம்பனை சூழ்ந்துவிட்டது. கவலை மட்டும் மறுநடவு செய்யப்படாமல் பழைய இடத்திலேயே நிற்கிறது.

"மன அழுத்தமெல்லாம் பெரிய பதவியில் இருப்பவர்களின் நோய். உங்களுக்கென்ன, மரத்தை வெட்டினோம், வீட்டுக்குப் போனோம்" என்று பேசுவோர் உண்டு. அவர்களுக்குப் பதில் இங்கிலாந்திலிருந்தே வந்தாகிவிட்டது. 1967-இல் இலண்டனில் அரசாங்க ஊழியர்களை வைத்துத் தொடங்கிய வைட்ஹால் ஆய்வில், இதய நோயால் இறந்தவர்களின் விகிதம் உச்சிப் பதவிக்காரர்களைவிடக் கடைநிலை ஊழியர்களிடையே மூன்று மடங்குக்கு மேல் இருந்தது. புகைப்பழக்கம், இரத்த அழுத்தம் ஆகியவற்றைக் கணக்கில் எடுத்துக்கொண்ட பின்னும் அந்த வித்தியாசம் முற்றும் மறையவில்லை. 1979-இல் கராசெக் என்ற அமெரிக்க அறிஞர், வேலைப் பளு மிகுந்தும், அந்த வேலையைப் பற்றி முடிவு செய்யும் உரிமை குறைந்தும் இருக்குமிடத்தில்தான் மனம் அதிகம் நைகிறது என்று காட்டினார். மழையும் அவன் கையில் இல்லை, விலையும் அவன் கையில் இல்லை, எந்த நிரை என்பதும் அவன் கையில் இல்லை என்ற நிலையில் உள்ள பால்மரத் தொழிலாளியைவிட இதற்கு வேறு உதாரணம் வேண்டுமா?

ஆகவே, மூச்சை இழுத்து விட்டால் எல்லாம் சரியாகும் என்று நாம் எழுதப் போவதில்லை. மூச்சு விடுவதால் கூலி உயராது. ஆனால் கூலி உயரும் வரை தூங்காமலும் இருக்க முடியாது அல்லவா? இரண்டையும் சேர்த்தே பேசுவோம்.

முதலில் பணக்கவலை. நம் லயங்களில் இரவு இரண்டு மணிக்குக் கண் விழித்துக் கூரையைப் பார்த்துக்கொண்டிருப்பவர்களில் பெரும்பாலோர் கடனைத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். மனத்துக்குள் சுழலும் கடனுக்கு அளவு கிடையாது. ஆயிரம் வெள்ளிக் கடன் இருட்டில் பத்தாயிரமாகத் தெரியும். பிள்ளையின் பழைய பள்ளிக் கொப்பியில் ஒரு பக்கம் போதும். யாருக்கு, எவ்வளவு, என்ன வட்டி, எந்தத் தேதி என்று எழுதுங்கள். கணவனும் மனைவியும் ஒன்றாக உட்கார்ந்து எழுத வேண்டும். ஒருவர் மறைத்த கடன்தான் மற்றவரின் மனத்தை உடைக்கிறது.

எழுதிய பின் வட்டியைப் பாருங்கள். மாதம் 100-க்கு 10 வெள்ளி வட்டி என்று வட்டி முதலையிடம் 1,000 வெள்ளி வாங்கியவர், வட்டி மட்டும் கட்டினால் ஓராண்டில் 1,200 வெள்ளி கொடுத்திருப்பார்; முதல் அப்படியே இருக்கும். உரிமம் பெற்ற வட்டிக்கடைக்காரர், அடைமானமில்லாத கடனுக்கு ஆண்டுக்கு 18 சதவிகிதத்துக்கு மேலும், அடைமானக் கடனுக்கு 12 சதவிகிதத்துக்கு மேலும் வாங்கச் சட்டம் இடம் தரவில்லை. இந்த வித்தியாசத்தைப் படித்தவர்கள்கூட அறிந்திருப்பதில்லை. வங்கிக் கடனோ மோட்டார் சைக்கிள் தவணையோ கழுத்தை நெரித்தால், பேங்க் நெகாரா 2006-இல் ஏற்படுத்திய ஏ.கே.பி.கே. இலவசமாகவே ஆலோசனை தருகிறது. தவணையை மாற்றியமைக்கவும் உதவுகிறது. தவணை தவறிய பிறகு ஓடுவதைவிடத் தவறும் முன் போவது நல்லது.

அடுத்து சம்பளச் சீட்டு. செக்ரோல் எழுதும் கையாலேயே இதை எழுதுகிறோம்: சீட்டை மடித்துச் சட்டைப்பையில் போட்டுவிடுகிறவர்களே பலர். அளவு வேலைக்குக் கூலி பெறுபவருக்கும் மாதச் சம்பளம் 1,700 ரிங்கிட்டுக்குக் குறையக்கூடாது என்பது 2025-இல் நடைமுறைக்கு வந்த ஆணை. வேலைக்கு வராத நாள் வேறு. பெரட்டுக்கு வந்து, மழையால் பட்டை நனைந்து திரும்பிய நாள் வேறு. உங்கள் சீட்டில் இரண்டும் ஒன்றாகக் கிடக்கின்றனவா என்று பாருங்கள். பெப்ருவரி முதல் ஏப்ரல் வரை இலையுதிர்ந்து பால் குறையும் மாதங்களில் இந்தப் பார்வை இரட்டிப்பாக வேண்டும். குறை தெரிந்தால் ஸ்டோர் வாசலில் நின்று புலம்புவதால் ஆவதொன்றுமில்லை. சீட்டோடு கிளைச் செயலாளரிடம் வாருங்கள். புலம்பலைப் புகாராக மாற்றுவதுதானே சங்கத்தின் வேலை.

இனி உடலைப் பற்றி. ஆபத்து வரும்போது ஓடவோ எதிர்க்கவோ உடல் தன்னைத் தயார் செய்துகொள்கிறது. இதயம் விரைகிறது, தசை இறுகுகிறது. காட்டில் பன்றி துரத்தினால் இது உயிர் காக்கும். கடன்காரன் துரத்தினால், ஓடி முடிக்கவும் வழியில்லை, இறுக்கமும் தளர்வதில்லை. அந்நேரத்தில் மூச்சை மெல்ல உள்ளிழுத்து, இழுத்ததைவிட நீளமாக வெளிவிடுங்கள். ஐந்து நிமிடம் போதும். வெளிவிடும் மூச்சு நீளும்போது இதயத் துடிப்பு தணிகிறது. இது உடலின் அமைப்பு, மந்திரமில்லை. மேஸ்திரி ஏசிய பிறகு பதில் சொல்லுமுன் செய்து பாருங்கள்.

தூக்கத்தைப் பற்றி நம்மவர்களுக்கு அலட்சியம் அதிகம். விடியற்காலையில்தான் மரத்துக்குள் அழுத்தம் மிகுந்து பால் நன்றாக ஓடும். ஆகவே நான்கு மணிக்கே எழுந்தாக வேண்டும். அப்படியென்றால் ஒன்பது மணிக்குப் படுக்க வேண்டும். பதினோரு மணி வரை கைப்பேசியில் படம் பார்த்துவிட்டு, காலையில் கண்ணெரிச்சலோடு கத்தியைப் பிடித்தால் பட்டையும் காயப்படும், விரலும் காயப்படும். கோப்பியின் வேகம் பாதி குறையவே ஏறக்குறைய ஐந்து மணி நேரம் ஆகும். பிற்பகலோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

"கொஞ்சம் போட்டால்தான் அண்ணே தூக்கம் வருது" என்பவருக்கு ஒரு வார்த்தை. மது படுத்தவுடன் கண்ணை மூடவைக்கும். நடு இரவில் எழுப்பிவிடும். வந்த தூக்கமும் அரைகுறையே. 1947-இல் கெடாவில் தொண்டர் படையினர் கள்ளுக்கடைகளை எதிர்த்து நின்றது மானத்துக்காக மட்டுமல்ல, வீட்டு நிம்மதிக்காகவும்தான். தோட்டத்துக் கள்ளுக்கடை போன இடத்தில் மலிவுச் சம்சு வந்து உட்கார்ந்திருப்பதை எல்லாரும் அறிவோம்.

பெண் தொழிலாளர்களைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். மரம் வெட்டி, பால் சுமந்து வந்தவளுக்கு அடுப்பு காத்திருக்கிறது. அவளிடம் போய் நடைப்பயிற்சி செய், மனத்தை லேசாக வைத்துக்கொள் என்றால் அது கேலி. ஆண்மக்கள் தண்ணீர் பிடிக்கட்டும், பிள்ளைகளுக்குப் பாடம் பார்க்கட்டும். அவளுக்கு ஒரு மணி நேரம் மிஞ்சும். அந்த நேரத்தில் பக்கத்து வீட்டு அக்காவோடு வாசலில் உட்கார்ந்து பேசினால், ஊர்வம்பு என்று யாரும் ஏளனம் செய்ய வேண்டாம். மனத்தில் அடைத்ததை வெளியே விடுவதைப்போல் மருந்து குறைவு.

இவ்வளவுக்கும் அடங்காத துயரமும் உண்டு. இரண்டு வாரத்துக்கு மேல் எதிலும் மனம் ஒட்டாமல், சோறு இறங்காமல், செத்தால் தேவலை என்ற எண்ணம் வந்தால் அது பலவீனமன்று, நோய். குடிமக்கள் ஒரு வெள்ளி கொடுத்து அரசாங்க கிளினிக்கில் டாக்டரைப் பார்க்கலாம். சுகாதார அமைச்சின் 15555 என்ற தொலைபேசி எண்ணிலும் பேசலாம். போலீசு வரும், கேஸ் ஆகும் என்று அஞ்சி மறைத்த காலம் ஒன்று இருந்தது. தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய 309-ஆம் பிரிவு 2023-இல் நீக்கப்பட்டுவிட்டது. கொல்லிமருந்து வைத்திருக்கும் ஸ்டோர் சாவியை யார் யாரிடம் கொடுக்கிறார்கள் என்பதை நிர்வாகங்களும் ஒருமுறை யோசிக்கட்டும்.

கிளைச் செயலாளர்களுக்கு ஒரு வேண்டுகோள். சட்டப்படி மாதச் சம்பளம் அடுத்த மாதம் 7-ஆம் தேதிக்குள் கைக்கு வந்துவிட வேண்டும். அதற்கு அடுத்து வரும் ஞாயிறு பிற்பகலில் கோயில் மண்டபத்திலோ ஆயாக்கொட்டகையிலோ ஒரு மேசை போட்டு, கூட்டிக் கழிக்கத் தெரிந்த இளைஞர் ஒருவரை உட்கார வையுங்கள். மூன்று மாதச் சம்பளச் சீட்டையும் கடன் எழுதிய கொப்பியையும் கொண்டுவரச் சொல்லுங்கள். தேத்தண்ணீர்ச் செலவைக் கிளைக் கணக்கில் எழுதிக்கொள்ளலாம்.