சொல்லி வளர்ப்போம்

சிப்காட்டுக்குள் சாதி இல்லை என்று சொல்கிற தோழர்கள் இருக்கிறார்கள். இரும்பு உருக்குகிற உலைக்கு முன்னால் ஒரிசாக்காரன், பீகார்க்காரன், நம்ம ஊர்க்காரன் எல்லாரும் ஒண்ணுதான், எல்லாருக்கும் ஒரே வேர்வைதான் என்கிறார்கள். சரி, ஷிப்ட் முடிஞ்சு வாடகைக்கு வீடு கேட்டுப் போனால் என்ன நடக்குது? எந்த ஊரு? ஊர்ல எந்தப் பக்கம்? குலசாமி எது? மூணு கேள்வியில் கதை முடிஞ்சுது. கும்மிடிப்பூண்டியானாலும் கவரைப்பேட்டையானாலும் பொன்னேரியானாலும் இதே மூணு கேள்விதான்.

இதைப் பார்த்துப் பார்த்து, நம்ம பெற்றோர் பலபேர் ஒரு முடிவுக்கு வந்திருக்கிறார்கள். பிள்ளைகிட்ட சாதியைப் பற்றிப் பேசாதே, தெரிஞ்சா மனசு ஒடிஞ்சிடும், தெரியாமலே படிச்சு மேல வரட்டும். இது பயத்தில் எடுத்த முடிவு. பாசத்திலும் எடுத்த முடிவு. ஆனால் சரியான முடிவா?

நான் ஒரு காண்ட்ராக்ட் தொழிலாளி. பத்தாவது படிக்கிற மகளும் ஐந்தாவது படிக்கிற மகனும் எனக்கு இருக்கிறார்கள். கடந்த ஒரு வருஷத்தில் இரவுப் பாடசாலைத் தோழர்கள் கொடுத்த புத்தகங்களை ஒவ்வொன்றாகப் படித்தேன். விமர்சகர்கள் வடிவம், உத்தி, அழகியல் என்று கேட்கட்டும். பெத்தவளுக்கு ஒரே கேள்விதான். பிள்ளையிடம் சொல்வதா, மறைப்பதா?

முதலில் படித்தது இரட்டைமலை சீனிவாசனின் தன்வரலாறு. 1939இல் வந்த சின்னப் புத்தகம், ‘ஜீவிய சரித்திர சுருக்கம்’. நம்ம பழைய செங்கல்பட்டு ஜில்லாக்காரர். கோயம்புத்தூரில் படித்த காலத்தைச் சொல்கிறார். நானூறு பேர் அளவில் இருந்த பள்ளியில் பெரும்பாலோர் பார்ப்பனப் பிள்ளைகள். கூட விளையாடினால், பேசினால், வீடு எங்கே, உறவு யார் என்று கேட்பார்கள், சாதி தெரிந்துவிடும். அதற்கு அஞ்சி மணி அடிக்கும்வரை தனியாக வெளியே உட்கார்ந்திருந்து, பிறகுதான் வகுப்புக்குள் போவார். அந்தப் பையன் வளர்ந்து 1893இல் பத்திரிகை தொடங்கியபோது அதற்கு என்ன பெயர் வைத்தார்? ‘பறையன்’. எதை மறைத்து மறைத்து நடந்தாரோ அதையே தலைப்பில் அச்சடித்தார். பிறகு சென்னை மாகாண சட்டசபைக்குப் போய், பொதுச்சாலையும் பொதுக்கிணறும் எல்லாருக்கும் உரியவை என்று 1924இல் தீர்மானம் கொண்டுவந்தார். 1930இல் லண்டன் வட்டமேசை மாநாட்டில் அம்பேத்கரோடு உட்கார்ந்தார். இந்தப் புத்தகத்தில் அலங்காரம் கிடையாது. பத்தாம் வகுப்புப் பிள்ளை ஒரே நாளில் படித்துவிடலாம். மறைத்ததையும் சொல்கிறார், வெளிப்படச் சொன்னதையும் சொல்கிறார். அதனால்தான் இதை முதலில் கொடுக்கச் சொல்கிறேன்.

இந்த இடத்தில் ஒரு விவாதம் வரும். நாங்குநேரியில் 2023 ஆகஸ்டில் பள்ளி மாணவனை வீடு புகுந்து வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கையையும் வெட்டினார்கள். செய்தவர்கள் கூடப் படித்த பிள்ளைகள். அதன் பிறகு அமைந்த நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. பள்ளிகளின் பெயரில் சாதி அடையாளம் வேண்டாம், கையில் வண்ணக் கயிறு வேண்டாம் என்று அதில் பரிந்துரை இருக்கிறது. பலகையில் பெயரை எடுங்கள், வரவேற்கிறேன். நலப்பள்ளி என்று எழுதிவைத்துக் கட்டடத்தை மட்டும் ஒழுக விட்டவர்கள் அந்தப் பெயரால் நமக்கு என்ன கிரீடம் வைத்தார்கள்? ஆனால் பலகையில் எழுத்தை அழிப்பது வேறு, பிள்ளைக்கு வரலாற்றைச் சொல்லாமல் விடுவது வேறு. கயிறு கட்டியவன் வீட்டில் அவன் சாதியைச் சொல்லித்தான் வளர்க்கிறார்கள். நம்ம பிள்ளை மட்டும் ஏதும் அறியாமல் போய் நிற்கணுமா?

மறைத்தால் தப்பிக்கலாம் என்பவர்கள் அம்பேத்கர் எழுதிய ‘விசாவுக்காகக் காத்திருத்தல்’ படிக்கணும். சின்ன நூல்தான். 1901இல் சத்தாராவிலிருந்து கோரேகானில் இருந்த அப்பாவைப் பார்க்கப் பிள்ளைகள் ரயிலில் போகிறார்கள். மசூர் ஸ்டேஷனில் இறங்கினால் அழைத்துப்போக ஆள் வரவில்லை. நல்ல உடுப்போடு நின்ற பிள்ளைகளிடம் அன்பாகப் பேசிய ஸ்டேஷன் மாஸ்டர், மகர் என்று தெரிந்ததும் ஒதுங்கிப் போகிறார். வண்டிக்கு இரட்டை வாடகை. அதையும் பிள்ளைகளே ஓட்டணும், வண்டிக்காரன் தீட்டுக்கு அஞ்சி நடந்து வருவான். இரவில் சுங்கச்சாவடியில் தண்ணீர் கேட்கும்போது, முஸ்லிம் என்று சொல்லச் சொல்கிறான் வண்டிக்காரன். அப்படியே சொல்கிறார்கள். தண்ணீர் கிடைத்ததா? இல்லை. கையில் சோறு இருந்தும் தண்ணீர் இல்லாமல் பட்டினியாகப் படுத்தார்கள். சாதியை மறைத்தும் தாகம் தீரவில்லை.

இந்தச் சம்பவங்களை வைத்து கோண்டு ஓவியர்கள் துர்காபாயும் சுபாஷ் வியாமும் படம் வரைய, 2011இல் ஆங்கிலத்தில் ‘பீமாயணம்’ வந்தது. தமிழிலும் கிடைக்கிறது. சின்னப் பையனுக்கு அதைத்தான் கொடுத்தேன். படத்தில் ரயிலே பாம்பு மாதிரி வளைகிறது, தண்ணீருக்கும் தாகத்துக்கும் உருவம் இருக்கிறது. ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்குச் சொல்லலாமா என்று கேட்பவர்களுக்கு என் பதில்: அம்பேத்கருக்கு நடந்தபோது அவருக்கும் ஏறக்குறைய அந்த வயசுதான்.

பாமாவின் ‘கருக்கு’ 1992இல் வந்தது. இன்றைக்கும் ஈரம் காயவில்லை. பெரியவர் ஒருவர் பலகாரப் பொட்டலத்தை நூலால் தூக்கிப் பிடித்துக்கொண்டு நடக்கிறார். சிறுமி பாமாவுக்குச் சிரிப்பாக வருகிறது. அவர் கை பட்டால் தீட்டு என்பதால்தான் அப்படி என்று அண்ணன் சொன்ன பிறகு சிரிப்பு நின்றுவிடுகிறது. கவனியுங்கள், சொன்னது வீட்டு ஆள். அதோடு விடாமல், படி, படித்தால் மதிப்பு வரும் என்றும் சொல்கிறார். எதிரி வாயால் தெரிந்துகொண்டால் அது காயம். வீட்டு ஆள் சொல்லித் தெரிந்துகொண்டால் கோபம் வரும், கூடவே வழியும் தெரியும். இந்த எழுத்தின் பலத்தை ஆதிக்கவாதிகள் நன்றாகவே அறிவார்கள். 2021இல் தில்லிப் பல்கலைக்கழகம் பாமாவையும் சுகிர்தராணியையும் பாடத்திலிருந்து நீக்கியது. அவர்கள் நீக்கினால் நாம் வீட்டில் சேர்ப்போம்.

இமையத்தின் ‘கோவேறு கழுதைகள்’ 1994இல் வந்தபோது நம்ம பக்கத்தில் பெரிய சண்டையே நடந்தது. நம்மை நாமே காட்டிக்கொடுப்பதா என்றார்கள். நாவலில் ஆரோக்கியம் காலனிக்குத் துணி வெளுக்கிறவள். வீடு வீடாகச் சோறு எடுக்கிறாள், களத்தில் கொடுக்கிற தானியம் வருஷத்துக்கு வருஷம் குறைகிறது. அவளைக் குறைப்பது காலனி. படிக்கும்போது நெஞ்சில் குத்தத்தான் செய்கிறது, குத்தட்டும். நம்ம திருவள்ளூர் மாவட்டத்தில் செங்கல் சூளையிலும் அரிசி ஆலையிலும் கொத்தடிமையாகக் கிடந்து மீட்கப்பட்ட இருளர் குடும்பங்கள் எத்தனை! ஏரிக்கரையில் இருக்கிற அந்தப் பெரியவரை நம்ம தெருப் பசங்க எப்படிக் கூப்பிடுறாங்க? வாடா போடா என்றுதானே? சாதியைச் சொல்லி வளர்ப்பது என்றால், நமக்கு மேலே இருக்கிறவனைச் சொல்வது பாதி. நாம் யார் தோளில் நிற்கிறோம் என்று சொல்வது மீதி. ஆனால் பதினாறு வயசுக்குப் பிறகு கொடுங்கள், பக்கத்தில் இருந்து பேசுங்கள்.

கடைசியாக ஒரு சட்டப் புத்தகம். 1989ஆம் வருஷத்து வன்கொடுமைத் தடுப்புச் சட்டம், 2015 திருத்தத்தோடு. இதை இலக்கிய வரிசையில் வைப்பதா என்று சிரிக்காதீர்கள். மற்ற புத்தகம் எல்லாம் நடந்ததைச் சொல்லும், நடந்தால் என்ன செய்வது என்பதை இது சொல்லும். நம்ம கும்மிடிப்பூண்டி பக்கத்து ஆத்துப்பாக்கத்தில் 2020 ஆகஸ்ட் 15 அன்று தலித் பெண் ஊராட்சித் தலைவரைத் தேசியக்கொடி ஏற்ற விடவில்லை. செய்தி வெளியே வந்த பிறகு ஆகஸ்ட் 20 அன்று கலெக்டர் நேரில் வந்து நின்று அவரைக் கொடி ஏற்ற வைத்தார். ஊராட்சிப் பொறுப்பில் இருக்கிற தலித்தின் பணியைத் தடுப்பதே தனிக் குற்றம் என்று திருத்தப்பட்ட 3ஆம் பிரிவில் எழுதியிருக்கிறது. புகாரைப் பதியாமல் வேண்டுமென்றே கடமை தவறும் தலித் அல்லாத அதிகாரிக்கு 4ஆம் பிரிவில் சிறைத்தண்டனை உண்டு. புலன் விசாரணைக்குக் கெடு 60 நாள். பத்தாம் வகுப்புப் பிள்ளைக்குப் புரியாத விஷயமா இது? என் மகள் உரக்கப் படித்தாள், தெருப் பெண்கள் நாலுபேர் உட்கார்ந்து கேட்டோம்.

தோழர்களுக்கு ஒரு வார்த்தை. முதல் நாளே பிள்ளை கையில் ‘சாதி ஒழிப்பு’ நூலைத் திணிக்காதீர்கள். 1936இல் லாகூர் மாநாட்டுக்காக எழுதி, மாநாட்டுக்காரர்களே பயந்துபோய்க் கூட்டத்தை ரத்து செய்த உரை அது. மனுவும் வேதமும் எதற்கு உள்ளே வருகிறது என்று தெரியாத வயசில் கொடுத்தால் பிள்ளை பத்தாம் பக்கத்தில் மூடிவைக்கும். முன்னால் சொன்னதையெல்லாம் படித்துவிட்டு, ஏன் இப்படி என்று அதுவே கேட்கும். அப்போது கொடுங்கள்.

ஏப்ரல் 14க்கு மைக்செட்டுக்கும் பேனருக்கும் ஒவ்வொரு காலனியிலும் வசூல் பண்ணுகிறோம். பேனர் ஒன்றைக் குறைத்தால் இந்தப் புத்தகங்களை வாங்கிவிடலாம். இரவுப் பாடசாலையில் வையுங்கள். பிள்ளைகள் எடுத்துப் போகட்டும், பெத்தவங்களும் சேர்ந்து படிக்கட்டும். எப்படியும் பிள்ளைக்குச் சாதியை யாராவது சொல்லத்தான் போகிறார்கள். அதை நாம் முந்திக்கொண்டு சொல்வோம்.