பக்கவாதம்: மதுரை வந்து சேரும் வரை மூளை காத்திருக்காது

பேரையூரிலிருந்து மதுரைக்கு சுமார் 50 கிலோமீட்டர். அங்கே ஒருவருக்கு விடியற்காலையில் வாய் கோணி, ஒரு கை துவண்டு, பேச்சு குழறினால் என்ன நடக்கும்? முதலில் பக்கத்துக் கிளினிக், பிறகு தாலுகா ஆஸ்பத்திரி. அங்கிருந்து "பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு போங்க" என்று ஒரு சீட்டு. தல்லாகுளத்தை அடுத்துள்ள அரசு ராஜாஜி மருத்துவமனையில் சி.டி. ஸ்கேன் எடுத்து முடிப்பதற்குள் நான்கைந்து மணி நேரம் ஓடிவிடலாம். புறா ரத்தம் தேய்ப்பது, தாயத்துக் கட்டுவது என்று வீட்டிலேயே நேரத்தைத் தொலைப்பவர்களும் இன்னும் இருக்கிறார்கள்.

அந்த நான்கைந்து மணி நேரம்தான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. பக்கவாதத்தில் பெரும்பாலானவை மூளையின் ரத்தக்குழாயில் கட்டி அடைப்பதால் வருபவை. கட்டியைக் கரைக்கும் ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். அடைப்பு நீடிக்கும் ஒவ்வொரு நிமிடமும் சுமார் 19 லட்சம் நரம்பணுக்கள் அழிகின்றன என்பது மருத்துவக் கணக்கு. ஆனால் மூளைக்குள் ரத்தக்கசிவு ஏற்பட்டவருக்கு இதே ஊசியைப் போட்டால் உயிரே போகலாம். எனவே ஸ்கேனும் அதைப் படித்து முடிவு சொல்லும் நிபுணரும் கட்டாயம்.

நரம்பியல் நிபுணரை ஒவ்வொரு தாலுகாவிலும் நியமிக்க முடியாது. ஆனால் அவருடைய முடிவை அங்கே கொண்டு சேர்க்க முடியும். 'டெலிஸ்ட்ரோக்' என்பது இதுதான். சிறிய மருத்துவமனையில் ஸ்கேன் எடுக்கப்படுகிறது. நகரத்தில் இருக்கும் நிபுணர் அந்தப் படத்தைப் பார்க்கிறார். வீடியோவில் நோயாளியைக் கையைத் தூக்கச் சொல்கிறார், சிரிக்கச் சொல்கிறார், பேசச் சொல்கிறார். அவர் சொன்னதும் அங்குள்ள டூட்டி டாக்டர் ஊசி போடுகிறார். அதன் பிறகே, தேவைப்பட்டால் ஆம்புலன்ஸ் புறப்படுகிறது.

இது பணக்கார நாடுகளுக்கு மட்டுமான ஏற்பாடு அல்ல. மலைப்பாதைகள் நிறைந்த இமாச்சலப் பிரதேசத்தில் 2014-ல் இது தொடங்கியது. மாவட்ட மருத்துவமனை மருத்துவர்கள் ஸ்கேன் படங்களை வாட்ஸ்அப்பில் நிபுணர்களுக்கு அனுப்பினார்கள். மருந்தை மாநில அரசு இலவசமாகக் கொடுத்தது. பெரிய கருவி எதுவும் வாங்கவில்லை.

தமிழ்நாடு மாரடைப்பு விஷயத்தில் இதே வழியில் நடந்து காட்டியிருக்கிறது. சிறிய மருத்துவமனைகளைப் பெரிய மருத்துவமனைகளோடு இணைத்து, இ.சி.ஜி.யைத் தொலைவிலிருந்தே பார்க்கும் திட்டம் 2012 முதல் 2014 வரை சோதிக்கப்பட்டது. அதில் 2,420 நோயாளிகள் கவனிக்கப்பட்டனர். ஓராண்டுக்குள் இறந்தோர் விகிதம் 17.6 சதவீதத்திலிருந்து 14.2 சதவீதமாகக் குறைந்தது. அரவிந்த் கண் மருத்துவமனையின் கிராம மையங்களில் உட்கார்ந்தபடியே மதுரை டாக்டரிடம் ஆலோசனை பெறுவது நம் பகுதி மக்களுக்குப் பழகிப்போன ஒன்று. இதயத்துக்கும் கண்ணுக்கும் முடிந்தது மூளைக்கு முடியாதா?

தமிழக அரசின் விபத்து மற்றும் அவசர சிகிச்சைத் திட்டத்தில் பக்கவாதமும் இடம்பெற்றிருக்கிறது. ஆனால் திட்டம் காகிதத்தில் இருப்பது போதாது. தாலுகா அளவில் இரவிலும் இயங்கும் சி.டி. ஸ்கேன், தீராமல் இருப்பு வைக்கப்படும் மருந்து, அழைத்தவுடன் எடுக்கும் நிபுணர் ஆகிய மூன்றும் சேர்ந்தால்தான் பலன். ஒன்று குறைந்தாலும் மீண்டும் அதே சீட்டுதான்.

இன்னொரு தடையையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். இந்த ஊசியின் பலனை நிரூபித்த 1995-ம் ஆண்டு அமெரிக்க ஆய்வில், ஊசி போடப்பட்டவர்களில் 6.4 சதவீதம் பேருக்கு மூளையில் அறிகுறிகளுடன் கூடிய ரத்தக்கசிவு ஏற்பட்டது. 2020 மார்ச்சில் வந்த தொலைமருத்துவ வழிகாட்டு நெறிமுறைகளின்படி, நோயாளியை நேரில் பார்க்கும் மருத்துவரே சிகிச்சைக்குப் பொறுப்பு. அப்படியிருக்க, உறவினர்கள் சண்டைக்கு வருவார்களோ என்று அஞ்சும் இளம் மருத்துவர் "மதுரைக்குப் போங்க" என்று எழுதிக் கொடுப்பதில் வியப்பில்லை. எழுத்துப்பூர்வமான நடைமுறையும் பயிற்சியும் பாதுகாப்பும் அவருக்குத் தரப்பட வேண்டும். ஆபத்தையும் பலனையும் கேட்டு உடனே சம்மதமோ மறுப்போ சொல்லும் பக்குவம் குடும்பத்தாருக்கும் வேண்டும்.

ஜமாஅத்துகளுக்கும் இதில் வேலை இருக்கிறது. தமுமுக உள்ளிட்ட அமைப்புகளும் பல மஹல்லாக்களும் ஆம்புலன்ஸ் நடத்துகின்றன. அருகில் எந்த மருத்துவமனையில் 24 மணி நேரமும் ஸ்கேன் இருக்கிறது, எங்கே இந்த ஊசி போடுகிறார்கள் என்ற விவரம் ஓட்டுநர் கையில் இருக்க வேண்டும். நோயாளி கடைசியாக எத்தனை மணிக்கு நன்றாக இருந்தார் என்பதைக் குறித்துக்கொள்ள அவருக்குக் கற்றுக்கொடுக்க வேண்டும். முகம் கோணல், கை தளர்ச்சி, பேச்சுக் குழறல் தெரிந்தால் உடனே 108 என்பதை ஜும்ஆ பயானில் இரண்டு நிமிடம் சொல்லலாம். உசிலம்பட்டி, திருமங்கலம், மேலூர் மருத்துவமனைகளில் இந்த வசதி முழுமையாக வேண்டும் என்று மாவட்ட ஆட்சியரிடமும் சட்டமன்ற உறுப்பினர்களிடமும் அனைத்துச் சமுதாயத்தவரோடும் சேர்ந்து மனு கொடுக்கலாம்.

ஓர் உயிரைக் காப்பது மனித குலம் முழுவதையும் காப்பதற்குச் சமம் என்பது நம் மார்க்கத்தின் போதனை. நோய்க்கு மருந்து தேடுவதும் அதில் அடங்கும். மருந்து இருக்கிறது, வழியும் தெரிகிறது. அது நாலரை மணி நேரத்துக்குள் பேரையூருக்குப் போய்ச் சேர வேண்டும்.